எஃப்.ஏ. முதல் நேரடி இரண்டாம் ஆண்டு வரை: காவிரிப் படுகையில் கல்லூரி மாறிப் படித்த வரலாறு

ஒரு சிறிய கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, பிறகு வேறொரு பெரிய கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ மாறிப் பட்டம் பெறும் முறையை இன்று பலரும் அமெரிக்க வழக்கம் என்றே எண்ணுகின்றனர். அங்கே இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரியில் தொடங்கி நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் முடிப்பது சாதாரணமான செய்தி. ஆனால் அமெரிக்காவில் அத்தகைய அரசுக் கல்லூரிகளில் மூத்தது, இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901இல் ஆறு மாணவர்களுடன் தொடங்கியது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சென்னை மாகாணத்தில் அதே வகையான ஏற்பாடு நடைமுறைக்கு வந்துவிட்டது. தஞ்சை மாவட்டத்துப் பிள்ளைகளில் பலர் அந்த வழியாகத்தான் பட்டதாரி ஆனார்கள். அது எப்படி இயங்கியது, யாரை ஏற்றிவிட்டது, யாரை இறக்கிவிட்டது, ஏன் மறைந்தது என்பதையும், அதன் இடத்தில் இன்று பாலிடெக்னிக் மாணவர்களுக்கு உள்ள நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையையும் இக்கட்டுரை கூறுகிறது. பட்டுக்கோட்டையிலிருந்து பார்ப்பதால் அந்த ஊரின் தூரங்களும் வசதிகளுமே இதற்கு அளவுகோல்.

இரண்டாம் நிலைக் கல்லூரிகள்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டபோது அது பாடம் நடத்தும் இடமாக இருக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே அது தொடங்கியது. பாடம் நடத்தும் வேலை மாகாணம் முழுவதும் சிதறிக்கிடந்த கல்லூரிகளுடையது. முதலில் மெட்ரிகுலேசன் தேர்வு. அதில் தேறியவர் கல்லூரி வகுப்பில் சேரலாம். 1860களில் மெட்ரிகுலேசனுக்கும் பி.ஏ.வுக்கும் நடுவே எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வு ஏற்பட்டது. எஃப்.ஏ.வுக்கு இரண்டு ஆண்டு, பி.ஏ.வுக்கு மேலும் இரண்டு ஆண்டு.

இந்த நடுப்படி ஏற்பட்டதும் கல்லூரிகள் இரண்டு வகையாகப் பிரிந்தன. பி.ஏ. வரை நடத்துபவை முதல்நிலைக் கல்லூரிகள். எஃப்.ஏ. வரை மட்டும் நடத்துபவை இரண்டாம் நிலைக் கல்லூரிகள். இரண்டாம் நிலைக் கல்லூரி என்பது பெரும்பாலும் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமேல் ஏற்றி வைத்த இரண்டு வகுப்புகள்தான். அதே வளாகம், அதே நூலகம், பல இடங்களில் அதே ஆசிரியர்கள். அதனால் அதைத் தொடங்குவதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு மிஷன் சபையோ, சமஸ்தானமோ, ஊர்ப் பெரியவர்களின் குழுவோ மனம் வைத்தால் நடத்திவிடலாம். ஊரில் இருந்தபடியே கல்லூரிப் படிப்பில் பாதியை முடிக்கும் வாய்ப்பு இப்படித்தான் சிற்றூர்களை அடுத்து வந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த இந்தியப் பேரரசு விவரச்சுவடி தஞ்சாவூர் மாவட்டத்தில் மூன்று கலைக்கல்லூரிகள் இருந்ததாகக் குறிக்கிறது: கும்பகோணம் அரசுக் கல்லூரி, தஞ்சாவூர் புனித பேதுரு கல்லூரி, மன்னார்குடி பின்லே கல்லூரி. கும்பகோணம் 1854இல் மாகாணப் பள்ளியாகத் தொடங்கி, 1867இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்து, பிறகு முதல்நிலைக் கல்லூரியாகி, தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்ற பட்டப்பெயரும் பெற்றது. அதை வளர்த்த வில்லியம் போர்ட்டர் பெயரில் கும்பகோணத்தில் இன்றும் ஒரு நகர மண்டபம் இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்ததும் இக்கல்லூரியில்தான். மற்ற இரண்டின் கதை வேறு. பேதுரு கல்லூரியும் பின்லே கல்லூரியும் இன்று மேல்நிலைப் பள்ளிகள். கல்லூரி வகுப்புகள் பள்ளியின் மேல் ஏறியதும் பின்னர் இறங்கியதும் அதே கட்டிடங்களில் நடந்தவை என்பதால், இப்போது அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குத் தங்கள் பள்ளி ஒரு காலத்தில் கல்லூரி என்பது வேடிக்கையாகத் தோன்றலாம்.

மாவட்ட எல்லையைத் தாண்டினால் திருச்சியும் புதுக்கோட்டையும். நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கே இடம்பெயர்ந்தது. மாணவன் மட்டுமல்ல, கல்லூரியும் ஊர் மாறிய காலம் அது. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் மன்னர் கல்லூரி இருந்தது. பட்டுக்கோட்டைக்கு மேற்கே உள்ள கிராமங்களுக்குத் தஞ்சாவூரைப் போலவே புதுக்கோட்டையும் எட்டக்கூடிய ஊர்.

ஒரே தேர்வு, ஒரே தாள்

மன்னார்குடியில் படித்த பையனைத் திருச்சிக் கல்லூரி எப்படி நம்பிச் சேர்த்துக்கொண்டது? இன்று அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியிலிருந்து மாறும் மாணவர் சந்திக்கும் பெரிய தலைவலி இதுதான். அவர் படித்த ஒவ்வொரு பாடத்தையும் புதிய பல்கலைக்கழகம் தன் பாடத்துக்கு நிகரென்று ஏற்க வேண்டும். ஏற்காத பாடத்தை மறுபடி படிக்க வேண்டும். இதற்காகவே கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இடையே பாட ஒப்பந்தங்கள் போட்டுக்கொள்கிறார்கள்.

சென்னை மாகாணத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. எந்த ஊரில் படித்தாலும் எஃப்.ஏ. பாடத்திட்டம் ஒன்று, வினாத்தாள் ஒன்று, திருத்துபவரும் பல்கலைக்கழகம் நியமித்தவர். மன்னார்குடியில் தேறினாலும் சென்னை மாநிலக் கல்லூரியில் தேறினாலும் கையில் வருவது ஒரே சான்று. மாணவனைத் தூக்கிச் சென்றது கல்லூரியின் பெயர் அல்ல, பொதுத்தேர்வு. மாற்றுச் சான்றிதழையும் தேர்வு முடிவையும் எடுத்துக்கொண்டு எந்த முதல்நிலைக் கல்லூரியின் வாசலிலும் போய் நிற்கலாம். இடம் இருந்தால் சேரலாம். கல்லூரி மாறுவதால் ஒரு நாள் படிப்பும் வீணாகாது.

பல்கலைக்கழகத்தின் இந்தத் தன்மை கடல் கடந்தும் பயன்பட்டது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளான சி.வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள். வேறொரு நாட்டில் கற்ற கல்வியைச் சென்னையில் தேர்வெழுதிப் பட்டமாக்கிக்கொள்ள அவர்களால் முடிந்தது.

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் அதே இடத்தில் இருந்தது. எஃப்.ஏ. ஒரு முழுத்தேர்வு. ஆங்கிலம், கணிதம், வரலாறு, அறிவியல், ஒரு செம்மொழி எனப் பல பாடங்கள். ஒன்றில் தவறினாலும் எஃப்.ஏ. இல்லை. எஃப்.ஏ. இல்லையென்றால் பி.ஏ. வகுப்பு வாசலே இல்லை. தேறிய பாடங்களைச் சேமித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அன்று கிடையாது. பெயருக்குப் பின்னால் "எஃப்.ஏ. பெயில்" என்பதையே ஒரு தகுதி போலச் சொல்லிக்கொள்ளும் நிலை ஏற்பட்டதற்குக் காரணம் இதுதான். நாம் சிரிக்கிறோம். ஆனால் மெட்ரிகுலேசன் தேறி, இரண்டு ஆண்டு கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்தவன் என்று தெரிவிக்க அவனுக்கு வேறு சொல் இல்லை.

மாறியவர்கள்

இந்த வழியில் சென்றவர்களில் சிலர் எல்லோரும் அறிந்தவர்கள். ச. வெ. இராமன் தந்தை பணியாற்றிய விசாகப்பட்டினத்தில் எஃப்.ஏ. முடித்துவிட்டுச் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து 1904இல் பி.ஏ. தேறினார். திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கும் பின்னர் சட்டக் கல்லூரிக்கும் சென்றார். சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் வேலூர் ஊரிசுக் கல்லூரியிலிருந்து கிறித்தவக் கல்லூரிக்கு மாறியவர். அவரைப் பற்றி மேலும் ஒரு செய்தி பின்னால் வருகிறது.

இவர்களைவிட முத்துலட்சுமி ரெட்டியின் மாற்றம் முக்கியமானது என்பது என் கருத்து. அவர் தனித்தேர்வராக மெட்ரிகுலேசன் தேறியபோது புதுக்கோட்டையில் பெண்களுக்குக் கல்லூரி இல்லை. மன்னர் கல்லூரி ஆண்களுக்கானது. அவர் தந்தை அக்கல்லூரியின் முதல்வராக இருந்தும்கூட, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சிறப்பாக அனுமதி தந்த பிறகே சேர முடிந்தது. சிறுவர்களுக்கான கல்லூரியில் ஒரே பெண்ணாக எஃப்.ஏ. முடித்து, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் மருத்துவரானார். உள்ளூரில் அந்த இரண்டு ஆண்டு வகுப்பு இருந்திராவிட்டால், திருமணமாகாத பெண்ணை 1904இல் தனியாகச் சென்னைக்கு அனுப்பியிருப்பார்களா? புதுக்கோட்டையிலேயே படித்த இரண்டு ஆண்டுகள்தான் வீட்டாரையும் ஊராரையும் அடுத்த கட்டத்துக்குப் பழக்கின என்று கொள்வதில் தவறில்லை.

தேறாதவர்களில் மிகப் பெரியவர் நம் படுகையைச் சேர்ந்தவரே. கணிதமேதை இராமானுசன் 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர மற்றவற்றில் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். தந்தை ஜவுளிக்கடைக் கணக்கர். கல்லூரிக் கட்டணம் அவருடைய ஒரு மாத ஊதியத்தைவிட அதிகம். உதவித்தொகை போனால் கல்லூரியும் போயிற்று. 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். உடல்நலம் கெட்டு ஊர் திரும்பினார். உடலியல் பாடம் அவருக்குக் கைவரவே இல்லை. 1907இல் தனித்தேர்வராக எழுதியும் தேறவில்லை. அதன் பின் பி.ஏ. என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. 1913இல் இதே சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் 1916இல் கேம்பிரிட்ஜிலிருந்து, ஆராய்ச்சியின் பேரில் வந்தது.

இராமானுசன் கதையை ஆங்கிலக் கல்வியின் குருட்டுத்தனத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். நான் அதை இன்னும் குறுகலாகப் பார்க்கிறேன். அவர் கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு மாறியதில் எந்தத் தடையும் இல்லை. கல்லூரி மாற்றம் எளிதாகத்தான் நடந்தது. ஆனால் கும்பகோணத்தில் கணிதத்தில் பெற்ற தேர்ச்சி எதுவும் அவரோடு சென்னைக்கு வரவில்லை. எந்த ஒரே தேர்வு மன்னார்குடிப் பையனைத் திருச்சிக்குத் தூக்கிச் சென்றதோ, அதே தேர்வு இவரைக் கீழே போட்டது.

பட்டுக்கோட்டையிலிருந்து எவ்வளவு தூரம்

சான்றிதழில் தடை இல்லை என்பதால் வழியில் தடை இல்லை என்று ஆகாது. பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மன்னார்குடி அதைவிடக் கொஞ்சம் கிட்டே. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894இல் வந்த ரயில் பாதை பட்டுக்கோட்டையை எட்டியது 1902இல். தஞ்சை ஜில்லா போர்டு தன் பணத்தில் போட்ட பாதை அது. அந்த ரயிலும் திருவாரூர் சுற்றித்தான் தஞ்சைக்குப் போகும். பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்கு நேர் ரயில் பாதை இன்றும் இல்லை. ஆக, பட்டுக்கோட்டைப் பையனுக்கு எஃப்.ஏ. படிப்பே வெளியூர்ப் படிப்பு, பி.ஏ. என்றால் இரண்டாவது வெளியூர். கும்பகோணத்தில் வீடு உள்ளவன் ஒரு தடவை கூட இடம் மாறாமல் பட்டம் வாங்கலாம். பட்டுக்கோட்டைக்காரன் இரண்டு தடவை சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இந்த ஏற்பாட்டை யாரால் செய்ய முடிந்தது? உறவினர் வீடு, அக்ரகாரத்தில் வாரச் சாப்பாடு, மிஷன் விடுதி, சத்திரம் என்பவை அன்றைய வழிகள். இவற்றில் பெரும்பாலானவை சாதி பார்த்துத் திறந்தன. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்குச் சோறும் பிள்ளைகளுக்குப் பாடசாலையும் இருந்தன. கடற்கரையோரம் இராசாமடத்திலும் சத்திரம் உண்டு. இவற்றைச் சார்ந்த இலவச மாணவர் விடுதிகளில் நெடுங்காலம் பிராமண மாணவர்களுக்கே இடம் கிடைத்தது. 1920களில் தஞ்சை ஜில்லா போர்டு தலைவராக இருந்த சர் ஏ.டி. பன்னீர்செல்வம் இந்த விடுதிகளைப் பிற வகுப்பு மாணவர்களுக்கும் திறந்துவிட்டார். திருவையாற்றில் வடமொழிக்கு மட்டும் இருந்த அரசர் கல்லூரியில் தமிழ்ப் படிப்பு வந்ததும் அவர் காலத்தில்தான். விடுதிகள் பள்ளி மாணவர்களுக்கானவை என்பது உண்மை. ஆனால் பள்ளி இறுதி வரை வந்து சேராதவன் எஃப்.ஏ.வைப் பற்றி நினைப்பதெங்கே? கல்லூரி மாற்றத்தின் வரலாற்றில் விடுதிச் சோற்றை விட்டுவிட்டு எழுதினால் அது பாதி வரலாறுதான்.

திருவையாற்று வழி தனியாக ஒன்று. அங்கே வித்துவான் பட்டம் பெற்றவர்கள் பல்கலைக்கழகப் பட்டதாரிகளாகக் கருதப்படவில்லை. பின்னாளில் அவர்களில் பலர் பி.ஓ.எல். எழுதி, அதன் மேல் முதுகலையும் முடித்துப் பேராசிரியர்களானார்கள். தமிழாசிரியர்களின் பெயருக்குப் பின்னால் வித்துவான், பி.ஓ.எல். என்று வரிசையாக இருப்பதைப் பழைய பாடநூல்களில் பார்த்திருக்கலாம். அதுவும் ஒருவகைக் கல்லூரி மாற்றமே. படித்தது தமிழ்க் கல்லூரியில், பட்டம் பல்கலைக்கழகத்தில்.

1934இல் மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் வந்தன. நம் பக்கத்தில் அதைப் புதாறு என்றே சொல்வோம். வானம் பார்த்த பூமியாக இருந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளில் நெல் விளையத் தொடங்கியது. வீட்டில் நெல் இருந்தால் பிள்ளையை வெளியூரில் வைத்துப் படிக்கவைக்கத் துணிவு வரும். பழைய டெல்டாவில் கும்பகோணத்தாருக்கும் மாயவரத்தாருக்கும் ஆயிரம் ஆண்டாக இருந்த வசதி, பட்டுக்கோட்டைக்கு அப்போதுதான் வந்தது.

இராசாமடத்தில் 1910இல் பிறந்து, பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஆர். வெங்கட்ராமன் படித்த ஊர்களை வரிசையாக எழுதினால் இந்தப் பாதை கண்ணில் தெரியும்: பள்ளி பட்டுக்கோட்டையில், கல்லூரி திருச்சி தேசியக் கல்லூரியில், பொருளாதார முதுகலை சென்னை லயோலாவில், சட்டம் சென்னைச் சட்டக் கல்லூரியில்.

இண்டர்மீடியட் மறைந்த விதம்

இரண்டாம் நிலைக் கல்லூரிகளை அரசு தொடக்கத்திலிருந்தே சந்தேகத்தோடு பார்த்தது. கர்சன் காலத்தில் 1902இல் அமைந்த பல்கலைக்கழக ஆணையம், இவை தரமற்றவை, படிப்படியாக மறையவேண்டியவை என்று கருதியது. ஆணையத்தின் இந்திய உறுப்பினர்களில் ஒருவரான குருதாஸ் பானர்ஜி இதை மறுத்துத் தனிக்குறிப்பு எழுதினார். அன்று அந்தப் பரிந்துரை முழுமையாக நிறைவேறியிருந்தால் மன்னார்குடியும் புதுக்கோட்டையும் தங்கள் கல்லூரி வகுப்புகளை அப்போதே இழந்திருக்கும். முத்துலட்சுமி போன்றவர்களின் வழியும் அடைபட்டிருக்கும். 1904 சட்டம் இணைப்பு விதிகளைக் கடுமையாக்கியதோடு நின்றது. பின்னர் எஃப்.ஏ. என்ற பெயர் இண்டர்மீடியட் ஆனது. பெயர்தான் மாறியது, இரண்டும் இரண்டும் என்ற கணக்கு மாறவில்லை. 1917இல் அமைந்த சாட்லர் ஆணையம், இண்டர்மீடியட் உண்மையில் பள்ளிப் படிப்பு, அதைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிக்க வேண்டும், பட்டப்படிப்பு மூன்றாண்டாக வேண்டும் என்றது.

விடுதலைக்குப் பின் 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையமும் அதையே வேறு சொற்களில் சொன்னது. பன்னிரண்டு ஆண்டு படித்து முடித்த பிறகே பல்கலைக்கழகத்துக்குள் நுழைய வேண்டும், முதல் பட்டம் மூன்று ஆண்டு. அந்த ஆணையத்தின் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன். வேலூரில் எஃப்.ஏ. படித்து, நடுவில் சென்னைக்கு மாறியவர், நடுப்படியே பல்கலைக்கழகத்தில் இருக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தார். இதில் முரண்பாடு தேடவேண்டியதில்லை. அந்தப் படியில் ஏறியவருக்கு அதன் ஆட்டமும் தெரிந்திருக்கும்.

1956ஐ ஒட்டிச் சென்னை மாநிலத்தில் இண்டர்மீடியட் போய், ஓராண்டுப் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பும் வந்தன. இதே காலத்தில்தான் படுகையில் கல்லூரிகள் பெருகின. 1955இல் தஞ்சையில் மன்னர் சரபோஜி அரசுக் கல்லூரி, அதே ஆண்டு அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி, 1956இல் பூண்டி புஷ்பம் கல்லூரி, 1966இல் தஞ்சையில் பெண்களுக்குக் குந்தவை நாச்சியார் கல்லூரி, 1971இல் மன்னார்குடியில் அரசுக் கல்லூரி. அதிராம்பட்டினம் பட்டுக்கோட்டையிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். இரண்டு வெளியூர் என்ற பழைய கணக்கு ஒரு பஸ் பாஸ் ஆயிற்று. புகுமுக வகுப்பை ஒரு கல்லூரியில் முடித்து, பட்டப்படிப்புக்கு வேறொன்றுக்கு மாறுவது மட்டும் தொடர்ந்தது.

1978இல் மேல்நிலை வகுப்புகள் பள்ளிக்கு வந்தன. முதல் பிளஸ் டூ தேர்வு 1980இல் நடந்தது. புகுமுக வகுப்பு மறைந்தது. இதனால் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு விளைந்த நன்மை பெரிது. எஃப்.ஏ.வுக்கு நிகரான படிப்பு ஊர்ப் பள்ளிக்கே வந்துவிட்டது. அதே 1978இல் திருச்சி புனித வளனார் கல்லூரி உட்படச் சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றுத் தாமே பாடத்திட்டம் வகுத்துத் தாமே தேர்வு நடத்தத் தொடங்கின. 1982இல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் பிரிந்தது. எல்லாக் கல்லூரிக்கும் ஒரே தேர்வு என்ற பழைய அச்சாணி கழன்றது. இன்று பட்டப்படிப்பின் நடுவில் கல்லூரி மாற நினைக்கும் கலைக்கல்லூரி மாணவர், இரண்டு கல்லூரிகளின் தடையின்மைச் சான்று, பாட ஒப்புமை, காலியிடம் ஆகிய மூன்றுக்கும் அலைய வேண்டும். தந்தைக்குப் பணிமாறுதல் வந்த மாணவியர் படும் பாட்டைப் பார்த்தால் 1900ஆம் ஆண்டே மேல் என்று தோன்றும்.

சமுதாயக் கல்லூரி என்ற பெயரும் இங்கே வந்தது. 1995இல் புதுச்சேரியிலும், அடுத்துச் சென்னையிலும் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவியது. பள்ளியில் இடைநின்றவர்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் தொழிற்பயிற்சி தருவதே அவற்றின் நோக்கம். நல்ல நோக்கம்தான், ஆனால் அமெரிக்கக் கல்லூரியின் பெயர் வந்ததே தவிர, அங்கிருந்து பட்டப்படிப்பின் நடுவில் நுழையும் வழி உடன் வரவில்லை. 2021இல் பல்கலைக்கழக மானியக்குழு கொண்டுவந்த கல்வி மதிப்புப்புள்ளி வங்கி, தேறிய பாடங்களைச் சேமித்துக் கொண்டுசெல்ல வழி செய்கிறது. இராமானுசனுக்கு இல்லாதிருந்தது அதுதான்.

பாலிடெக்னிக் வழி

உண்மையில் எஃப்.ஏ.வின் வாரிசு கலைக்கல்லூரியில் இல்லை, பாலிடெக்னிக்கில் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் பெற்றோர் பள்ளிக்கு வந்து ஆசிரியரிடம் கேட்கும் கேள்வி, நான் பணியில் இருந்த காலம் முழுவதும் ஒன்றாகவே இருந்தது: "சார், இப்ப பாலிடெக்னிக்கில போட்டா பின்னாடி இன்ஜினியரிங் போவ முடியுங்களா?"

முடியும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஆண்டும் வீணாவதில்லை. மேல்நிலை இரண்டும் பொறியியல் நான்கும் ஆறு. பட்டயம் மூன்றும் பொறியியல் மூன்றும் ஆறு. நடுவில் நிறுத்த நேர்ந்தால், முதல் வழியில் வந்தவன் கையில் பிளஸ் டூ சான்றிதழ் இருக்கும். இரண்டாம் வழியில் வந்தவன் கையில் வேலைக்குப் போகும் பட்டயம் இருக்கும். அறுவடை பொய்த்த ஆண்டில் இந்த வேறுபாடு குடும்பத்துக்குத் தெரியும். இன்னும் கீழே இருந்தும் ஏறலாம். ஐ.டி.ஐ. முடித்தவரும் பிளஸ் டூ முடித்தவரும் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர முடியும். ஐ.டி.ஐ. இரண்டு, பட்டயத்தில் இரண்டு, பொறியியலில் மூன்று என்றால் பத்தாம் வகுப்புக்குப் பின் ஏழு ஆண்டு. ஓராண்டுதான் கூடுதல்.

இந்த வழி எப்போதும் இவ்வளவு அகலமாக இருந்ததில்லை. முன்பு பட்டயம் பெற்றவர் வேலைக்குப் போய்விடுவார். மேலே படிக்க விரும்பினால் மாலை நேரப் பகுதிநேர பி.இ. வகுப்பு உள்ள கோயம்புத்தூர் போன்ற நகரத்தில் வேலை கிடைக்க வேண்டும். இல்லையென்றால் இந்தியப் பொறியாளர் கழகம் நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வை ஏ பிரிவு, பி பிரிவு என இரண்டு கட்டமாகத் தானே படித்து எழுத வேண்டும். 1920இல் தோன்றிய அக்கழகத்தின் தேர்வை மின்வாரியத்திலும் பொதுப்பணித்துறையிலும் வேலை பார்த்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் எழுதியவர்கள் உண்டு. பழைய எஃப்.ஏ. தனித்தேர்வரைப் போலத்தான் அவர்களும். பிறகுதான் முழுநேர வகுப்பில் இரண்டாம் ஆண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டு, பட்டய மதிப்பெண் அடிப்படையில் தரவரிசை வெளியிட்டு, மாநில அளவில் கலந்தாய்வு நடத்தும் முறை வந்தது. காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி பல ஆண்டுகள் அந்தக் கலந்தாய்வை நடத்தியது. பட்டுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு வசதி. சென்னைக்கு ஓட வேண்டியிருக்கவில்லை.

தன்னாட்சி அல்லாத பாலிடெக்னிக்குகளுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் பொதுப் பாடத்திட்டம் இருப்பதும், தன்னாட்சி அல்லாத பொறியியல் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரே தேர்வு இருப்பதும் இந்த வழியைத் தாங்கும் தூண்கள். எஃப்.ஏ. காலத்து ஏற்பாடு இங்கே மட்டும் பிழைத்திருக்கிறது. அதனால்தான் எந்த ஊர்ப் பட்டயத்தையும் எந்தக் கல்லூரியும் கேள்வி கேட்காமல் ஏற்கிறது.

சேர்ந்த பிறகு வரும் இடர் வேறு. முதலாண்டைத் தாண்டி வந்தவர் மூன்றாம் பருவத்தில் வகுப்புக்குள் நுழைகிறார். ஏற்கெனவே ஓராண்டு சேர்ந்து படித்த நண்பர் கூட்டம் அங்கே இருக்கிறது. பணிமனையிலும் ஆய்வகத்திலும் பட்டய மாணவர் கை ஓங்கி இருக்கும். கணித வகுப்பில் நிலைமை தலைகீழ். பிளஸ் டூ வழியாக வந்தவர்கள் இரண்டு ஆண்டு மேல்நிலைக் கணிதமும் முதலாண்டில் இரண்டு கணிதத் தாள்களும் முடித்திருப்பார்கள். பல பிரிவுகளில் மூன்றாம் பருவக் கணிதம் உருமாற்றங்களும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும். பட்டய மாணவர் அந்தப் பருவத்திலேயே ஃபூரியர் தொடரை எதிர்கொள்கிறார். நல்ல கல்லூரிகள் இதற்குத் தனி வகுப்பு வைக்கின்றன. தமிழ்வழியில் பத்து வரை படித்து, பட்டயத்தில் பாதி தமிழில் விளக்கம் கேட்டு வந்தவருக்கு ஆங்கிலமும் சேர்ந்து வரும். அந்த ஒரு பருவத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள் என்பதே என்னிடம் படித்துப் பின் அந்த வழியில் சென்ற பிள்ளைகள் சொல்லக் கேட்டது. பட்டத்தின் தரவகுப்பு மூன்றாம் பருவம் முதல் எட்டாம் பருவம் வரை உள்ள ஆறு பருவங்களைக் கொண்டே அவர்களுக்குக் கணக்கிடப்படுகிறது. ஆகவே முதல் பருவத்தில் விழுந்த அடி அவர்களுக்குச் சற்றுக் கனமாகவே விழும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளில் ஒன்று, பட்டுக்கோட்டைப் பெயரில், இராசாமடத்தில் இயங்குகிறது. மன்னர் காலத்துச் சத்திரமும் மாணவர் விடுதியும் இருந்த, கல்லூரிக்காகப் பிள்ளைகள் திருச்சிக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருந்த அதே ஊர். இப்போது மற்ற ஊர்களிலிருந்து பட்டயத்தோடு மாணவர்கள் அங்கே இரண்டாம் ஆண்டில் வந்து சேர்கிறார்கள்.